பாலைவனச் சாலையில் ஏர்கோனை மட்டும் நம்பிப் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதி விடுமுறை நெருங்குகிறது. பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பெற்றோர் ஆளாக்கிய எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரப் பிள்ளைகள் பலர் இன்று பெர்த், அடிலெய்டு, மெல்பர்ன் என்று ஆஸ்திரேலிய நகரங்களில் வேலையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் முன்பெல்லாம் நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இப்போதோ வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு, நாட்டின் நடுவில் இருக்கும் செம்மண் பாலைக்கும் உலுரு பாறைக்கும் தாங்களே ஓட்டிப் போகத் துணிகின்றன. துணிவது நல்லதுதான். ஆனால் புறப்படும் முன் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது, சில விஷயங்களை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. இவ்வூரில் வாகன ஏர்கோன் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன் என்பதால், அந்தப் பேச்சு பெரும்பாலும் என் காதில் விழுந்துவிடுகிறது.

"புதுக் கார், ஏர்கோன் இருக்கிறது, வெளியே எவ்வளவு சூடாக இருந்தால் நமக்கென்ன" என்பது இளையவர்களின் பேச்சு. "மோரிஸ் மைனரில் ஏர்கோன் இல்லாமலேயே நாங்கள் கோலாலம்பூர் போய் வரவில்லையா? வெயில் நமக்குப் புதிதா?" என்பது மூத்தவர்களின் சிரிப்பு. இருவருமே நம் ஊர் வெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு பாலைவன வெயிலை அளக்கிறார்கள். அந்த அளவுகோல் அங்கே செல்லாது என்பதே நான் சொல்ல வந்தது.

நம் நாட்டில் இதுவரை பதிவானவற்றில் மிக உயர்ந்த வெப்பநிலை, 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் அளக்கப்பட்ட 40.1 டிகிரி செல்சியஸ். தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி பதிவானது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒன்ஸ்லோவில் 2022 ஜனவரி 13ஆம் தேதி அதே அளவு மீண்டும் எட்டப்பட்டது. இந்தியாவில் இராஜஸ்தானின் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி வரை போயிருக்கிறது. இந்தப் பத்து டிகிரி வித்தியாசம் பெரிதுதான் என்றாலும், ஆளை ஏமாற்றுவது அதுவன்று. காற்றில் இருக்கும் ஈரம்தான் ஏமாற்றுகிறது. சரியாகச் சொன்னால், அங்குள்ள காற்றில் ஈரமே இல்லாத நிலை.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் பழைய லோரிகளில் இன்றும் ஏர்கோன் வேலை செய்யாதவை உண்டு. ஓட்டுநர் இரு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, குழாயில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டுவார். ஆலை வாசலில் வரிசையில் காத்து நிற்கும்போதும் அந்தத் துண்டு ஈரமாகவே இருக்கும். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டும். புழுக்கம் தாங்க முடியாமல் அவர் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவார். நம் ஊரில் சூடு, "தண்ணீர் குடி, நிழலுக்குப் போ" என்று உடம்பை நச்சரித்துக்கொண்டே இருக்கிறது.

பாலைவனக் காற்று அப்படி நச்சரிப்பதில்லை. வியர்வை தோலுக்கு வந்த கணத்திலேயே உலர்ந்துவிடுவதால், வியர்க்கிறது என்பதே தெரியாது. அடிலெய்டிலிருந்து கூபர் பீடி என்ற பாலைவன ஊருக்கு ஒரு ஜனவரி மாதம் உறவினரோடு போனபோது இதை நேரில் பார்த்தேன். எண்ணெய் நிலையத்தில் இறங்கி நனைத்துக்கொண்ட கைத்துண்டு, காரைத் துடைத்து முடிப்பதற்குள் அப்பளம்போல் விறைத்துவிட்டது. சட்டை நனையவே இல்லை. ஆனால் மாலையில் கழற்றிப் பார்த்தால் அக்குளிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். உடம்பிலிருந்து அவ்வளவு நீர் போயிருக்கிறது, தாகம் மட்டும் அந்த அளவுக்கு எடுக்கவில்லை. "எனக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை, சமாளித்துக்கொள்வேன்" என்று அங்கே ஒருவர் சொன்னால், அவருக்கு உடனே தண்ணீர் கொடுக்க வேண்டும்.

கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும் நம் வழக்கத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். மனிதத் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரை, வீசும் காற்று உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். நம் ஊரில் 33, 34 டிகிரி நண்பகலில் காற்று பட்டதும் சுகமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். காற்று 45 டிகிரியில் இருக்கும்போது, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அறையும் அதே காற்று உடம்புக்குச் சூட்டை ஏற்றுகிறது. வியர்வை வேகமாக உலர்வதால் கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும் என்பது உண்மை. அதற்கு விலையாக உடம்பு நீரை இறைத்துக் கொட்டுகிறது. வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதும் இதே காரணத்தால்தான். ஏர்கோன் இல்லாமல் பாலையைக் கடக்க நேர்ந்தால், கண்ணாடியை முழுவதும் இறக்காமல் கொஞ்சம் மட்டும் இறக்கி, தளர்வான முழுக்கைச் சட்டையை நனைத்து அணிந்துகொள்வதே மேல். கைலியும் பனியனுமாக உட்கார்ந்தால் வெயில் நேராகத் தோலில் இறங்கும்.

அந்தக் காலத்தில் ஏர்கோன் இல்லாமல் ஓட்டவில்லையா என்று கேட்பவர்களுக்கு, ஓட்டினார்கள் என்பதே பதில். ஆனால் எப்படி ஓட்டினார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த நெய்ர்ன் சகோதரர்கள் 1923இல் டமாஸ்கஸுக்கும் பாக்தாத்துக்கும் இடையே பாலைவனத்தின் குறுக்கே மோட்டார் சேவை தொடங்கினார்கள். தண்ணீரைச் சுமந்துகொண்டு, இரவுப் பொழுதையும் பயன்படுத்திப் பயணம் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் டாம் குரூஸ் என்ற அஞ்சல் ஓட்டுநர் 1936 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், மாரி என்ற ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் என்ற ஊர் வரையிலான 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மணல் தடத்தில் லேலண்ட் லோரியில் கடிதங்களும் மளிகையும் கொண்டுபோனார். மணலில் சக்கரம் புதைந்தால் போட்டு ஏற இரும்புத் தகடுகள், உதிரிப் பாகங்கள், தண்ணீர் எல்லாம் அவர் வண்டியில் இருந்தன. வழியில் எந்தப் பண்ணையில் உதவி கிடைக்கும் என்பதும் அவருக்கு அத்துப்படி. ஏர்கோன் இல்லாத குறையை இவர்கள் நேரத்தாலும் தண்ணீராலும் வழியறிவாலும் ஈடுகட்டினார்கள். வாடகைக் காரில் பிளாஸ்டிக் போத்தல் இரண்டோடு கிளம்பிவிட்டு அவர்களைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமா என்று மூத்தவர்கள் யோசிக்க வேண்டும்.

அக்காலத்துக் குளிர்விக்கும் உபாயங்கள் சில சுவையானவை. காரின் முன்பக்கத்தில் கித்தான் பையில் தண்ணீரைத் தொங்கவிடுவார்கள். பையில் கசியும் ஈரம் காற்றில் உலர உலர உள்ளிருக்கும் தண்ணீர் குளிரும். நம் மண்பானை வேலை செய்வதும் இப்படித்தான். அமெரிக்காவின் பாலைவன மாநிலங்களில் 1940களிலும் 50களிலும் பக்கவாட்டுக் கண்ணாடியில் உருளை வடிவக் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். ஓடும் வேகத்தில் புகும் காற்று அதனுள் நனைந்த மரச்சீவல் வழியாக வந்து வண்டியைக் குளிர்விக்கும். வடஇந்தியாவில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்ததும் இதே தத்துவம்தான். உலர்ந்த காற்றில் அருமையாக வேலை செய்யும் இந்த முறை நம் ஊரில் எடுபடாது. இங்கே காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக்கிடக்கிறது. பேக்கார்ட் நிறுவனம் 1939இல் அறிமுகப்படுத்திய முதல் தொழிற்சாலை ஏர்கோனிலோ, குளிர்விக்கும் கேஸை அழுத்தும் கம்ப்ரசரை இயந்திரத்திலிருந்து துண்டிக்கும் கிளட்சே கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் இயந்திரத்தை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம்.

இனி, அந்தப் பொத்தானை நம்புகிறவர்களுக்கு வருகிறேன். ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்து, முன்பக்கத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் வழியாக வெளியே தள்ளுகிறது. வெளிக்காற்று 33 டிகிரியாக இருந்தால் அந்தச் சூட்டை அது எளிதில் வாங்கிக்கொள்ளும். 46 டிகிரிக் காற்று அவ்வளவு எளிதில் வாங்காது. அதனால் கேஸின் அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரசர் திணறுகிறது, ஒரு கட்டத்தில் அழுத்தச் சுவிட்ச் அதை நிறுத்தியே விடுகிறது. கண்டென்சர் விசிறி கொஞ்சம் பலவீனமாக இருந்தாலோ, அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே தூசியும் செத்த பூச்சிகளும் அடைத்திருந்தாலோ, இங்கே தெரியாத அந்தக் குறை அங்கே நண்பகலில் தெரியவரும். தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் கார்களின் கண்டென்சரைக் கழற்றி விளக்கடியில் பிடித்தால், மறுபக்கம் வெளிச்சமே வராத அளவுக்கு அடைத்திருப்பதைப் பார்க்கலாம். உரிமையாளரோ, "ஏர்கோன் நன்றாகத்தானே குளிர்ந்தது" என்பார். ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று அடித்துக் காப்பாற்றும்; நின்றதும் குட்டு வெளிப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஏர்கோன் வேலை செய்கிறதா என்று காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம் அது. நம் ஏர்கோனின் உழைப்பில் ஒரு பெரும் பகுதி இந்த ஈரத்தைப் பிழிவதிலேயே போய்விடுகிறது. பாலைவனத்தில் பிழிவதற்கு ஈரம் ஏது? தரை காய்ந்தே கிடக்கும். அதைப் பார்த்து ஏர்கோன் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

ஏர்கோன் தள்ளும் சூடு அப்படியே ரேடியேட்டரின் மேல் விழுவதால், இயந்திரமும் சேர்ந்து தவிக்கும். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மலை ஏறும் நெடுஞ்சாலைகளில், இயந்திரம் கொதிக்காமல் இருக்க ஏர்கோனை அணைத்துவிட்டு ஏறுங்கள் என்று அரசாங்கமே அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறது. 56.7 டிகிரி என்ற உலகச் சாதனை 1913இல் பதிவான டெத் வேலி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த வண்டியில் சூடு காட்டும் முள் மேலேறினால், முதலில் ஏர்கோனை அணைக்க வேண்டும். பிறகு, கேட்பதற்கு விபரீதமாக இருந்தாலும், சூடேற்றியை முழு அளவில் திறந்து கண்ணாடியை இறக்க வேண்டும். சூடேற்றி என்பது இயந்திரத்தின் வெந்நீர் ஓடும் இன்னொரு சின்ன ரேடியேட்டர்தான். இயந்திரத்தின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியேற்றும். நம் நாட்டில் விற்கும் கார்கள் பலவற்றில் சூடேற்றியே கிடையாது என்பதால் நம்மவர்களுக்கு இந்த உபாயம் தெரிவதில்லை. ஆஸ்திரேலிய வாடகைக் கார்களில் அது இருக்கும். அப்போதும் முள் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்திக் காத்திருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. டயர் காற்றைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்றுக் குறைந்த டயர்தான் சூட்டில் வெடிக்கும்.

ஏர்கோனும் போய், வண்டியும் நின்றுவிட்டால் என்ன செய்வது? நாட்டின் நடுவே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கிளென்டாம்போ என்ற சிற்றூரைத் தாண்டினால் கூபர் பீடி வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டருக்கு எண்ணெய் நிலையமே கிடையாது. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் தூரத்தைவிட அது கூடுதல். இடையில் நம் நெடுஞ்சாலைகளில் இருப்பதுபோல் கடைகளுள்ள ஓய்வுப் பகுதி இல்லை, ஒட்டுக்கடை இல்லை, நீண்ட தூரத்துக்குக் கைப்பேசிச் சமிக்ஞையும் கிடைக்காது. அங்குள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி ஒன்றே: வண்டியை விட்டு நகராதே. 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் தடத்தில் எரிபொருள் தீர்ந்து நின்ற காரை விட்டு நடந்த ஒரு குடும்பத்தினர் ஐவரும் தாகத்தால் இறந்தார்கள். தேடி வருபவர்களின் கண்ணில், மேலிருந்து பார்த்தாலும், காரே முதலில் படும். நடந்து போகும் மனிதர் படமாட்டார். கதவுகளைத் திறந்துவைத்து, காரின் நிழலில் உட்கார்ந்து, உடம்பை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்க வேண்டாம். தாகம் எடுக்கும்போது குடித்துவிட வேண்டும், போத்தலில் மிச்சம் வைத்திருப்பதால் உடம்புக்கு என்ன பயன்? டெத் வேலி தேசியப் பூங்கா நிர்வாகம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிக்கச் சொல்கிறது. நான்கு பேர் போகும் காரில், வண்டி நின்றுபோகும் ஒரு நாளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், 40 லிட்டர் ஏற்றுவது மிகையாகாது. பெட்டிகளில் ஒன்றை மகன் வீட்டிலேயே விட்டுவிட்டால் அந்த இடம் கிடைத்துவிடும்.

நம் மூத்தவர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் சமூகத்தில் எந்த வீட்டில் இல்லை? அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் சில, சிறுநீராக உடம்பின் நீரை வெளியேற்றுபவை; வியர்வையிலும் நீர் போகும் இடத்தில் அவை ஆபத்தாகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலினைக் காரின் முன்தட்டில் வைத்துவிட்டால் வெயிலில் வீரியம் போய்விடும். யாராவது பேச்சுக் குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, "களைப்பாக இருக்கும், தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். வெப்பத் தாக்கத்தின் அறிகுறி அது. உடனே நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் நீர் ஊற்றி விசிற வேண்டும். ஆஸ்திரேலியாவில் அவசர எண் 000.

ஏர்கோன் பாதி வழியில் கெட்டுவிட்டால் இரவில் ஓட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். அரபுப் பாலைக்குப் பொருந்திய அந்த யோசனை ஆஸ்திரேலியாவில் பொருந்தாது. பொழுது சாயும்போதும் விடியும்போதும் கங்காருகள் சாலைக்கு வருகின்றன. வேலியில்லாத பண்ணைகளின் மாடுகளும் அப்படியே. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் ஊர்ப்புறத்துக்கு வெளியே இரவில் ஓட்டத் தடையும் இருக்கிறது. மோதினால் காப்புறுதி கிடைக்காது. சூரியன் நன்றாக எழுந்த பிறகு தொடங்கி, பதினொரு மணிக்குள் அடுத்த ஊரைப் பிடித்து, அங்கேயே நண்பகலைக் கழிப்பதுதான் வழி. பாலைத் திணைக்குரிய சிறுபொழுது நண்பகல் என்று நம் முன்னோர் வகுத்தது பிரிவுத் துயருக்காக மட்டும் இல்லை போலும்! கூபர் பீடி மக்களில் பாதிப்பேர் பூமிக்கடியில் குடைந்த வீடுகளில் வசிப்பதைப் பார்த்தால் அந்தப் பொழுதின் கொடுமை விளங்கும்.

உண்மையில் இந்தச் சிக்கலில் பெரும் பகுதி நாம் தேர்ந்தெடுக்கும் மாதத்தால் வருவது. நமக்கு நீண்ட விடுமுறை கிடைக்கும் டிசம்பரும் ஜனவரியும் அங்கே உச்சிக் கோடை. ஆஸ்திரேலியர்களே நாட்டின் நடுப்பகுதிக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் விரும்பிப் போகிறார்கள். அப்போது பகலில் இதமான வெயில், இரவில் கம்பளி தேடும் குளிர். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத ஓய்வுபெற்ற தம்பதியர் டிசம்பரில் அங்கே போவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. டிசம்பரில்தான் போக முடியும் என்ற குடும்பங்கள் பாறையைப் பார்க்க விமானத்தில் போய், கார்ப் பயணத்தைக் கடற்கரைச் சாலைகளோடு வைத்துக்கொள்ளலாம். இராஜஸ்தானுக்குப் போக நினைப்பவர்களுக்கு எதிர்மாறான கணக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம், மே மாதத்தில் வேண்டாம்.

நம் ஊர்களில் இயங்கும் பயண முகவர்கள், சுயமாகக் கார் ஓட்டும் சுற்றுலாவுக்குப் பதிவு செய்பவர்களிடம் விமானச் சீட்டையும் ஹோட்டல் சீட்டையும் கொடுக்கும்போது, போகும் மாதத்தில் அந்த வழியின் சராசரி வெப்பநிலை, எண்ணெய் நிலையங்களுக்கு இடையிலான தூரம், ஏற்ற வேண்டிய தண்ணீரின் அளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன ஏர்கோன் பட்டறை உரிமையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.